டப்பாவைப் பார்க்கும் மூளை

இனி உயிர் உள்ளவரை "சாம்பார்பொடி எங்க லோகு?" என்று மனைவியைக் கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கும் தெரியும்.

"கண்ணு முன்னாடிதாங்க இருக்கு! காலேஜ்ல கம்ப்யூட்டருக்கே பாக்கக் கத்துக் குடுக்கறீங்களாமே?"

கற்றுக் கொடுக்கிறேன்தான். தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அதுதான் என் பிழைப்பு. நம் மூளையில் சில நரம்புகளுக்கு வெறும் கோடுதான் தெரியும். அடுத்த வரிசை அவற்றைச் சேர்த்து மூலை, வளைவு என்று சொல்லும். அதற்கும் மேலே இருப்பவை 'ஆகா, டப்பா!' என்று முழு உருவத்தையும் பிடித்துவிடும். அதே மாதிரி ஒரு புரோகிராம் எழுதிப் போனில் ஏற்றி, எங்கள் இரும்புலியூர் வீட்டுச் சமையலறை அலமாரிமுன் கம்பீரமாக நீட்டினேன்.

"பிஸ்கட் டின்" என்றது போன். ஆசையாகத் திறந்தேன். ஊசி, நூல், சட்டைப் பித்தான்.

"காபித்தூள் பாட்டில்" என்றது. கடுகு!

லோகநாயகி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நிகத் ஓடி வந்துவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பந்தயம்! ஞாயித்துக்கிழமை உன்னை ஒரு வார்த்தை கேக்காம சாம்பார் வைக்கறேன்."

"தோத்தா?"

"ஒரு மாசம் நான்தான் சமையல்!"

"ஜெயிச்சா?"

"கிச்சன்ல என்னை நீ ஒண்ணும் சொல்லக் கூடாது!"

"நிகத், நீதான் சாட்சி" என்றாள் லோகு, ரொம்ப சாதுவாக.

விடுவேனா? ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். மூடி வளைந்தது மல்லித்தூள், இடுப்பு நசுங்கியது துவரம்பருப்பு என்று ஒவ்வொரு நசுங்கலையும் போனுக்குப் பாடம் நடத்தினேன். ஞாயிறன்று நீட்டிய இடமெல்லாம் போன் சரியாகச் சொன்னது. சாம்பார் கொதித்து, தெருவே மணத்தது.

"மாஷா அல்லாஹ், சூப்பர் சார்! எங்க வூட்டுக்காரரையும் உங்ககிட்ட டியூஷன் அனுப்பறேன்" என்றார் நிகத்.

லோகு இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள். "ஒத்துக்கறேங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

கல்யாணமான நாளாக நான் கேட்டறியாத வாக்கியம்! கரண்டியோடு ஓர் ஆட்டமே போட்டேன். ஆடி முடித்துத் திரும்பினால், அவள் கையில் பெட்டி.

"எங்க கிளம்பிட்ட?"

"கோயம்புத்தூர், அக்கா வீட்டுக்கு. ஒரு மாசம். உங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் இத்தனை நாள் போகாம இருந்தேன். இப்ப நிம்மதி."

"ஒருவேளை நான் தோத்திருந்தா?"

"தோத்தாலும் ஒரு மாசம் நீங்கதானே சமையல்? அதான் பந்தயம் கட்டின அன்னிக்கே டிக்கெட் எடுத்துட்டேன்."