முன்சில்லோடு பெண் பார்க்கப் போன கதை

புத்திசாலிகளுக்கு வருகிற இடைஞ்சல்கள் எல்லாம் மற்றவர்களால்தான் வருகின்றன. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் வீட்டில் தீர்ப்பு எப்போதோ எனக்கு எதிராகச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனபடியால் வெளியாரிடம்தான் நான் மேன்முறையீடு செய்யவேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்துகொண்டிருந்தோம். அந்த நாளில் கிளிநொச்சிப் பட்டினத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது முன்சில்லு, அதாவது முன்சக்கரம், இருக்காது. முழுச் சைக்கிளை எடுக்கிற கள்ளன் எங்கேயாவது பிடிபட்டுவிடுவான். சில்லை மட்டும் கழற்றினால் சந்தைச் சனத்துக்குள்ளே உருட்டிக்கொண்டு போய்விடலாம் (ஆர் மறிச்சுக் கேக்கப்போகினம்?). ஊர் முழுக்கத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது நான் ஒருவன்தான் அதற்கு மருந்து கண்டுபிடித்தேன். கள்ளன் கழற்ற முதல் நாங்களே சில்லைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். இல்லாத சில்லை எந்தக் கள்ளன் எடுப்பான்?

இதைச் செய்து பார்க்கும் சந்தர்ப்பம் நான் பெண் பார்க்கப் போன அன்று கிடைத்தது. பொம்பிளை, கிளிநொச்சி பெரிய ரோட்டில் கடை வைத்திருந்த ஒருவரின் மகள். பெயர் பரிமளம். சாதகம் பொருந்திவிட்டது, இனி முகம் பிடிக்கவேண்டும். எங்கள் சனத்தில் அப்போது பெண் பார்ப்பது என்றால், பார்க்காததுபோலப் பார்ப்பது. நான் சாமான் வாங்க வந்தவன்போலக் கடைக்குள் போகவேண்டும். அவள் தகப்பனுக்கு உதவிக்கு நிற்கிறவள்போல நிற்பாள். நான் ஆரென்று அவர்கள் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லக்கூடாது. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானம் போகாது (வந்தவன் விளக்குத் திரி வாங்க வந்தவன், அவ்வளவுதான்).

என் அக்காவின் புருஷன், அதாவது அத்தான், தன் சைக்கிளைத் தந்து வாசலில் வைத்துச் சொன்னார்.

"உயிர் போனாலும் ஆரெண்டு சொல்லிப்போடாதை. பழக்கவழக்கம் தெரியாத சனமெண்டு சம்பந்தம் முறிஞ்சுபோகும். இன்னொண்டு, இது என்ர சைக்கிள். ஒரு கம்பி குறைஞ்சாலும் உன்ர அக்காவைக் கூட்டிவந்து கொம்மாவிட்டை விட்டிட்டுப் போயிடுவன்."

ஆக, அன்று என் கலியாணமும் அக்காவின் கலியாணமும் அந்தச் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பயப்பட்டேனா? கிடையாது. கடைக்கு எதிர்ப்புறம், தேத்தண்ணிக்கடை வாசலில் ஒரு வாகைமரம். சைக்கிளை அதில் சாய்த்து, கன்றுக்குட்டிக் கயிறால் என்னைத் தவிர ஒருவரும் அவிழ்க்கமுடியாத ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு நட்டுச்சாவியை எடுத்து நட்டுகளைத் தளர்த்தி, முன்சில்லைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளை வேட்டி சேட்டோடு கம்பீரமாக ரோட்டைக் கடந்தேன். சேட்டில் கிறீஸ் பட்டது உண்மைதான். பெரிய காரியங்களில் அதெல்லாம் பார்க்கக்கூடாது.

"என்ன தம்பி வேணும்?" என்றார் முதலாளி. கண் சில்லிலேயே நின்றது.

"விளக்குத் திரி."

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பரிமளம் உதட்டைக் கடித்தபடி குனிந்து நின்றாள். வெட்கம் என்று நினைத்தேன். சரி, நிமிர்ந்து ஒருக்கால் பார்ப்போம் என்றால், மேசையில் சாத்திவைத்த சில்லு உருளப்பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும்போதுதான் தேத்தண்ணிக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"முதலாளி, போன கிழமை உங்கட சில்லை அடிச்சவன் இண்டைக்கும் வந்திட்டான். என்ர வாசல்ல நிக்கிற சைக்கிளுக்கு முன்சில்லைக் காணேல்லை. ஆற்றை சைக்கிளோ, பாவம்..."

சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். பிறகு சில்லைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் என் சேட்டுக் கழுத்து அவர் கையில் இருந்தது. ரோட்டில் போன சனம் முழுக்கக் கடைக்குள் வந்துவிட்டது.

"அது என்ர சைக்கிள்தான்," என்றேன்.

"உன்ர சைக்கிளெண்டால் ஏன் சில்லைக் கழட்டினனீ?"

"களவு போகாமல் இருக்க."

சனம் சிரித்தது. (உண்மைக்கு இந்த நாட்டில் இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.)

"வேணுமெண்டால் பூட்டிக் காட்டுறன். சரியாப் பொருந்தும்."

"அது எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும். நீ ஆற்றை பெடியன்? எங்கையிருந்து வாறாய்?" என்று உலுக்கினார் தேத்தண்ணிக்கடைக்காரர்.

அதுதானே சொல்லக்கூடாத விடயம். "திரி வாங்க வந்தனான்," என்றேன்.

முதலாளி தேத்தண்ணிக்கடைக்காரரின் காதுக்குள் குனிந்தார். எனக்கும் கேட்டது. "இவனைக் கெதியாப் பொலிசிலை குடுங்கோ. இப்ப ஒரு நல்ல இடத்துப் பெடியன் வரப்போகுது. அவர் வந்து பாத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?"

அந்த நல்ல இடத்துப் பெடியனின் கழுத்துத்தான் தேத்தண்ணிக்கடைக்காரரின் கையில் இருந்தது. சொன்னால் சம்பந்தம் போய்விடும், சொல்லாவிட்டால் பொலிஸ். கண் கலங்கிவிட்டது.

"அப்பா, அவரை விடச்சொல்லுங்கோ."

பரிமளம். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால்.

"அவர் வந்து இறங்கின நேரந்தொட்டுப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். முதல் சைக்கிளை மரத்தில கட்டினவர். பிறகுதான் சில்லைக் கழட்டினவர். கள்ளனெண்டால் கட்டை அவிட்டிருப்பான், கட்டியிருக்கமாட்டான்."

முதலாளி மகளைப் பார்த்தார். என் எண்ணெய் வைத்து வாரிய தலையையும் மடிப்புக் குலையாத வேட்டியையும் பார்த்தார்.

"இறங்கின நேரந்தொட்டோ?" என்று கேட்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"தம்பி... வட்டக்கச்சியோ?" குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"திரி வாங்க வந்தனான்," என்றேன். (என்னில் ஒருவரும் குறை சொல்லமுடியாது.)

முதலாளி கடையில் இருந்த திரி முழுவதையும் என் கையில் திணித்து, தானே சில்லைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். சைக்கிள் நின்றது. கயிறு இருந்தது. முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. உட்காருகிற சீற்றைத்தான் காணவில்லை. ஊர் திரண்டு கடைக்குள் சில்லுக் கள்ளனைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், உண்மையான கள்ளன் ஆறுதலாக வந்து அதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

சில்லைப் பூட்டிக்கொண்டு, வட்டக்கச்சி வரைக்கும் நின்றபடியே மிதித்தேன். அத்தான் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சில்லு பத்திரம், அத்தான்," என்றேன்.

அக்கா தப்பியது என் மாமனாரால். கலியாணத்தன்று அவர் வெற்றிலைத் தட்டில் ஒரு புதுச் சீற்றை வைத்து, "சீதனத்தோடை இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ," என்று சபையில் அத்தானிடம் நீட்டினார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெடியன் பெண் பார்க்கப் புறப்பட்டாலும், "சீற்றையும் கழட்டிக்கொண்டு போ," என்றுதான் வழியனுப்புவார்கள்.

நானும் விடுவதில்லை. முன்சில்லு களவு போகாமல் இருக்கத்தான் நான் வழி சொன்னேன், முன்சில்லு களவு போகவில்லை, ஆகவே என் வழி சரி என்பேன். இதில் எங்கே பிழை?

"பிழையில்லை," என்பாள் பரிமளம். "பொம்பிளை பாக்க வந்த மனிசன் கடைசிவரைக்கும் சில்லைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். அண்டைக்குப் பாத்துப் பிடிச்சது நான்தான்."

என் மேன்முறையீடு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தள்ளுபடியாகிவிடுகிறது.