திகன பஸ்ஸில் இப்திகார் தோள் சரித்த படலம்

மூக்குக்கண்ணாடி வணிகர் குலத் திலகமே, கண்டி மாநகரின் கலங்கிய கண்களுக்கெல்லாம் தெளிவளித்துத் தன்னிரு கண்களைக் காற்பந்துக்கே ஈந்த கொடையாளனே, திகனப் பதியின் தலைமகனே, இப்திகார் எனும் நாற்பத்தாறு வயதுக் காளையே, நின் கீர்த்தி ஓங்குக! நீ ஒரு மழைமாலையில், பஞ்சு பிதுங்கிய ஒற்றை இருக்கைக்காக ஆற்றிய பெரும்போர் இவ்வையம் உள்ளளவும் நிலைப்பதாக!

இப்திகார் தம் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் பந்தை உதைத்தார். அன்று பந்து நின்ற இடத்திலேயே நின்றது. காலிலிருந்து கழன்ற சப்பாத்து மட்டும் விண்ணேறிப் பள்ளிக்கூட அதிபரின் தேநீரில் இறங்கிற்று. ஆயினும் ஆடுவது வேறு, ஆட்டத்தை அறிவது வேறு என்று தெளிந்த அந்த ஞானி, பின்னாளில் உலகின் மாபெரும் ஆட்டக்காரர்களின் கால்வண்ணத்தைத் முதலில் வீடியோவிலும் பின்பு தொலைபேசித் திரையிலும் மெல்ல ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோட்டி, மீண்டும் ஓடவிட்டுக் கற்றுத் தேர்ந்தார். கோல் விழுந்ததும் ஊரெல்லாம் துள்ளும்; அவர் துள்ளார். கோலுக்கு மூன்று நொடி முன்னே, அந்தக் குள்ள உருவத்து இடதுகால் வித்தகன் தன் தோளை ஒரு சாண் சரிக்க, மலையொத்த தடுப்பாளர் நால்வர் யாருமில்லாத திசையை நோக்கிப் பாய்ந்தோடுவரே, அவ்விடத்தில்தான் அவர் கண் கலங்குவார்.

"பந்தப் பாக்காதீங்க, தோளப் பாருங்க!" என்று கடைக்கு வந்த முதியவர் ஒருவரின் மூக்கருகே திரையை நீட்டி ஒருநாள் முழங்கினார்.

"எனக்குப் பந்தும் தெரியல்ல, தோளும் தெரியல்ல தம்பி. அதுக்குத்தானே வந்தேன்" என்றார் அவர்.

இத்தகைய வீரருக்கும் வினை வந்தது. பதினொரு நாட்களாக, கடை பூட்டி வந்த மாலைகளிலெல்லாம், திகன பஸ்ஸில் அவருக்கு இருக்கை வாய்க்கவில்லை. பகலெல்லாம் நின்ற கால்கள் வழியெல்லாம் நின்றன. வலது முழங்கால் தேங்காய் போல் வீங்கிற்று. பன்னிரண்டாம் நாள், இடி முரசறைய, மின்னல் வாள்வீச, கண்டி பஸ் நிலையத்தில் அந்த நீல பஸ் உறுமியபடி வந்து நின்றபோது, இப்திகாரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் சுடர்விட்டது: இருபது ஆண்டுகள் கற்ற கலை இன்று உதவாவிடில் பின் என்றுதான் உதவும்?

பின்வாசலால் ஏறினார். முழங்கைகள் வேலாயின, மடக்கிய குடைகள் தண்டாயின, மரக்கறிப் பைகள் கேடயமாயின. நனைந்த சட்டைகளின் கடலைக் கிழித்து அவர் முன்னேற, ஐந்தாம் வரிசையில், யன்னலருகே, காலியாய் ஒளிர்ந்தது கடைசி இருக்கை! ஆனால் அந்தோ, முன்வாசலால் ஏறி அதே இருக்கையை நோக்கி வந்துகொண்டிருந்தார், குடைக்கோல் ஏந்திய கொற்றவை போல், அறுபது கடந்த ஓர் அம்மையார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஓய்வுபெற்றபின் குண்டசாலையில் மகளோடு வாழும் மங்களேஸ்வரி அவர்.

இருவரும் எதிரெதிர் நின்றனர். இருவருக்கும் இருக்கை இரண்டடி. அண்டம் மூச்சடக்கியது. சாரதி மட்டும் ஹோர்ன் அடித்தார்.

இப்திகார் தம் இடது தோளைச் சரித்தார். ஆகா, அந்தச் சரிவை எங்ஙனம் புகல்வது! கன்னம் இடப்பக்கம் சாய, கண்கள் இடப்பக்கம் ஓட, தொந்தியும் ஒரு கணம் தாமதித்து இடப்பக்கமே போயிற்று. வழிவிட அம்மையார் ஒதுங்குவார், அக்கணமே வலப்பக்கம் சுழன்று இருக்கையில் அமரலாம், இதுவே வியூகம். சுழன்றார் வீரர். சுழன்ற வேகத்தில் வீங்கிய முழங்கால் மறுத்தது. ஆலமரம் சாய்வது போல் சாய்ந்து கண்டக்டரின் மார்பிலே போய் விழுந்தார்.

"மாத்தயா, முதல்ல டிக்கட் எடுங்க, பொறகு ஆடுங்க" என்றார் கண்டக்டர்.

நிமிர்ந்து பார்த்தார். மங்களேஸ்வரி அமர்ந்து, குடையை மடியில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்ல வடிவாத்தான் சரிச்சனீங்கள்" என்றார் அவர். "ஆனா உங்கட தோளை நான் பாக்கவேயில்லை. சீட்டைத்தான் பாத்தனான்."

இப்திகாரின் முகம் கறுத்துப் பின் சிவந்தது. "அப்ப, ஒங்களுக்கு அது வெளங்கிச்சா?"

"விளங்காம? இருவத்தெட்டு வருஷம் விளையாட்டு டீச்சர் நான். குருநகரில பெடியளுக்குத் தடுப்பாட்டம் பழக்கினனான். பந்து இல்லாம தோளைச் சரிச்சா ஆர் ஏமாறுவினம்?"

தோற்ற வேந்தன் வென்றோர் முன் வாளை வைப்பதுபோல், வீரர் தம் தொலைபேசியை நீட்டினார். திரையில் அந்தக் குள்ள வித்தகன் தோளைச் சரித்தான், நால்வர் சிதறினர். அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டு மும்முறை பார்த்தார்.

"இவன ஒங்களால நிப்பாட்ட ஏலுமா, டீச்சர்?"

"ஏலாது. இவன் பொய் சொல்லேக்க பந்தும் சேர்ந்தெல்லோ பொய் சொல்லுது. இவனிட்ட ஏமாந்தா எனக்குக் கவலையில்லை."

இருபது ஆண்டுகளாய்க் கடையிலும் வீட்டிலும் கலியாண விருந்துகளிலும் எவரும் சொல்லாத சொல் அது. இப்திகாரின் முழங்கால் வலி எங்கோ போயிற்று. அதன்பின் அந்த பஸ்ஸிலே மூண்டதே வாதப்போர்! பழைய பிரேசில்காரனின் சிரித்துக்கொண்டே கடக்கும் கால் பெரிதா, இவனது சிரிக்காத கால் பெரிதா? உதைக்காமல் பந்தை விட்டுவிடுவதே உதையில் தலைசிறந்தது என்று வீரர் முழங்க, அது சோம்பல் என்று அம்மையார் மறுக்க, முன்னிருக்கையினர் இருவர் திரும்பி உட்கார்ந்து கேட்க, மழையும் தோற்று ஓய்ந்தது.

குண்டசாலை வந்தது. மங்களேஸ்வரி எழுந்தார். "இந்தாங்கோ தம்பி, இனி நீங்கள் இருங்கோ" என்று பன்னிரு நாள் தவத்தின் பயனை அவர் முன் காலியாக்கி நடந்தார். வீரரோ இருக்கையைக் கண்டாரில்லை. அம்மையாரின் பையைத் தாமே தூக்கிக்கொண்டு, "டீச்சர், ஒரு நிமிஷம், நாம பேசின அந்த ரெண்டாவது கோல்ல அவன் நின்ன நிலையச் சொல்லுங்க பாப்பம்" என்று மிதிபலகை வரை துரத்திச் சென்றார்.

"அவன் நிக்கேல்லை தம்பி, காத்துக்கொண்டிருந்தவன்!" என்று தெருவில் இறங்கி நின்று, பையை வாங்கியபடி, இறுதித் தீர்ப்பை முழங்கினார் அவர்.

மணி ஒலித்தது. உலகையே வென்றவர் போல் திரும்பி வந்தார் இப்திகார். ஐந்தாம் வரிசை யன்னலோரத்தில், மடியில் ஒரு றாத்தல் பாண் ரொட்டியுடன், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்திகார் திகன வரைக்கும் நின்றுகொண்டே போனார்.