குடம் இரவல் வாங்கிய தெரு

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், அவருக்குள் ஏதாவது ஒரு மூலையில் இன்னும் உட்கார்ந்திருக்கிற என் தங்கை பாப்பாவுக்கும், தபால் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் பணிவோடும் பயத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மருந்துக்கடைக்காரருக்குக் காலில் மாவுக்கட்டு. உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. குழாயில் தண்ணீர் வருவதில்லை. மற்றபடி நலம். உன் நலத்தை டிவியில் பார்த்துக்கொள்கிறோம். கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். முயன்றேன். உன் உதவியாளர் எடுத்து, "சார், விஷயத்தை ஒரே வரியில சொல்லுங்க, மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்றார். ஒரே வரியில் அடங்குகிற காரியத்தையா நாங்கள் செய்திருக்கிறோம்? "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நீ அந்தத் தொகுதி நிதிப் பரிந்துரையில் கையெழுத்துப் போடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். போடாதே, பாப்பா. அந்தக் குழாய் எங்களுக்கு வேண்டாம்.

எல்லாம் நீ சட்டமன்றத்தில் பேசிய அன்று ஆரம்பித்தது. "எங்கள் ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம், நான் பிறந்த தெருப் பக்கம், இருப்பவர்களுக்குக் கேட்கத் தெரியும், மனு எழுதத் தெரியும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அதனால் பொதுப் பணம் இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. அந்தக்கரைக்காரர்களுக்குத் தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எங்கே குறைவோ அங்கேதான் நிதி முதலில் போக வேண்டும்" என்றாய். நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன். தட்டி முடிப்பதற்குள் தெரு நலச் சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார். ஒலிபெருக்கி இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் என்று நாம் 'மைக்' என்று கூப்பிடுவோமே, அவரேதான்.

"என்ன சார், உங்க தங்கச்சி இப்படிக் கவுத்துட்டாங்க? நம்ம தெருவுக்குப் புதுக் குழாய் வரும்னு நான் எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேனே!"

"குறைஞ்ச இடத்துக்குத்தான் முதல்லன்னு கொள்கை வெச்சிருக்கா. அதுக்கு நான் என்ன பண்றது?"

மைக் யோசித்தார். அவர் யோசித்தாலே தெருவுக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"அவ்வளவுதானே? குறைஞ்சு காட்டிடுவோம்!"

நீ பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்குள் தெருவை ஏழையாக்கும் வேலை மளமளவென்று நடந்தது, பாப்பா. இத்தனை வருஷத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் நம் தெரு இப்படி ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததில்லை. பல் டாக்டர் தன் வீட்டு ஏணியில் ஏறித் தெருவிளக்கு பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், பல்லைப் பிடுங்குவது போலவே முகத்தை வைத்துக்கொண்டு. நம்மிடம் போதுமான குப்பை இல்லை என்று சந்தையிலிருந்து ஒரு வண்டி குப்பை வரவழைத்தோம். சாக்கடை மூடியை நகர்த்தி வைத்தோம், அதை முதலில் மறந்தவர் மருந்துக்கடைக்காரர். தண்ணீர் வால்வைச் சுத்தியலால் அடித்து மூடினோம், அது மூடியதோடு சரி, இன்றுவரை திறக்கவில்லை. "தபால் பெட்டிகூட இல்லாத தெருன்னு இருந்தா எடுப்பா இருக்கும்" என்று மைக் சொல்ல, அதன் போல்ட்டைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், முனையில் நின்ற பெட்டியை என் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்து நம் மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். பெண்கள் குழாயடிச் சண்டைக்கு ஒத்திகை பார்த்தார்கள். டாக்டர் மனைவியும் ஆடிட்டர் மனைவியும் கார் நிறுத்துகிற பழைய தகராறை அதில் நுழைத்ததால் ஒத்திகை நிஜமாகவே தலைமுடிப் பிடியில் முடிந்தது.

சண்டை போடக் குடம் வேண்டுமே? நம் தெருவில் யார் வீட்டில் குடம் இருக்கிறது? எல்லாம் மோட்டாரும் தொட்டியும்தான். உன் அண்ணி கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி அந்தக்கரைக்குப் போய்ப் பிளாஸ்டிக் குடங்களை இரவல் கேட்டாள். அங்கே சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா, "உங்க தெருவுலயும் தண்ணி நின்னுபோச்சா? அடப் பாவமே! பழக்கமில்லாதவங்க, எப்படிம்மா சமாளிப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் மண்டையை ஆட்டியிருக்கிறாள். சாயங்காலம் குடங்கள் வந்து சேர்ந்தன. நாங்கள் காலிக் குடம் கேட்டோம், பாப்பா. அவர்கள் நிரப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வந்த லாரித் தண்ணீர். உன் அண்ணி அதை ஊற்றவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்துதான் அவள் என்னோடு பேசுவதில்லை.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மைக் அந்தக் குடங்களையும் வரிசையில் வைக்கச் சொன்னார், வைத்தோம்.

நீ பொழுது மங்கிய நேரத்தில் வந்தாய். நாளெல்லாம் தொகுதி சுற்றிய களைப்பு உன் முகத்தில் தெரிந்தது. உன்னோடு வந்த பொறியாளர், "மேடம், ரெக்கார்டுபடி இந்தத் தெருவுக்குத் தண்ணி நல்லாவே வருது" என்றார். புத்திசாலி மனிதர், அவரைக் கடிந்துகொள்ளாதே. நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ரெக்கார்டை விடுங்க. இங்க எங்க அண்ணன் நிக்கிறார். அவர் சொல்லட்டும்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். மைக் என் காலைப் பூட்ஸால் மிதித்தார். "ஆ" என்று மட்டும்தான் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுவதாக நினைத்து நீயும் அழுதாய். "அண்ணா, ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டு, நான் பொறந்த தெருவைக் கவனிக்காம விட்டுட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக்கரைக்கு எழுதியிருந்த குழாயை இங்கே மாற்றச் சொன்னாய். தெரு முழுக்கக் கைதட்டியது. எனக்கு மட்டும் கை எழவில்லை.

உன் கொள்கையில் ஒரு குறையும் இல்லை, பாப்பா. அதைப் பார்த்து ஊரில் யாரும் சிரிக்கக் கூடாது. அண்ணனை நம்பினாய், அது ஒன்றுதான் நீ செய்த தப்பு. இனி ரெக்கார்டையே நம்பு. குழாயை அந்தக்கரைக்கே கொடு. தெருக்காரர்கள் என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

பதவி இருக்கும்வரை நல்ல பெயரும், பதவி போன பிறகு நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
உன் அண்ணன்.
உன் அண்ணியும் விசாரித்ததாக எழுதச் சொல்லியிருப்பாள், பேசினால்.

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் வீணாகிவிட்டது. எழுதி, உறையில் வைத்து, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு, மனப்பாரம் இறங்கி உன் போனுக்காகக் காத்திருந்தேன். திங்கட்கிழமையும் போய்விட்டது. அப்புறம் உன் அண்ணி மௌன விரதத்தை முடித்து வாயைத் திறந்தாள். "மாடிப்படிக்குக் கீழ இருக்கற பெட்டியில போட்டா அது எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டாள். ஆயுளெல்லாம் தபால் துறை. சிவப்புப் பெட்டியைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது. பூட்டை உடைத்து எடுத்தேன். என்னைப் போன்றவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது.

அரசாங்கக் காரியம் இத்தனை வேகமாக நடந்து நான் கண்டதில்லை. நீ கையெழுத்துப் போட்டு, குழாய்களும் வந்து, நம் வீட்டு வாசலில் இறங்கிவிட்டன. இன்று காலை அந்தக்கரைப் பெண்கள் குடங்களைத் திருப்பி வாங்க வந்தார்கள். நிரப்பிக் கொடுக்க எங்களிடம் தண்ணீர் இல்லை, காலியாகத்தான் கொடுத்தோம். சமைக்கிற அம்மா குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்களுக்கு வந்ததுதானே? பாலம் குறுகல்னு இங்க எறக்கி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். மைக் பக்கத்திலேயே நின்றார். அவர் பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து, காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, "ஆமாம்மா, உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் அண்ணியே கொண்டுவந்து உன் கையில் தருவாள். உடனே கிளம்பி வா, பாப்பா. நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.