கடலில்லாத ஊரில் ஒரு கலங்கரை விளக்கம்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் பணிவோடு எழுதிக்கொள்வது. கப்பலின் எஞ்சின் அறைச் சூட்டில் உங்கள் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், மனசாட்சி கையைப் பிடித்துக்கொண்டது. உடம்பால் நலம். மற்றபடி உங்கள் குடும்பம் மூழ்கிக்கொண்டிருக்கிறது, ஓட்டை போட்டவன் நான்தான் என்று வீட்டில் பேச்சு. முழு விவரம் தெரியாமல் நீங்களும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் என்றாலும் என் எழுத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க் கடைவீதியில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியது இந்தக் கைதான். போன வருடம் மூன்று மாடி உயர ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு பிசகி, இங்கே வந்து தங்கியதிலிருந்து சும்மா சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சியோ காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கை ஆரம்பித்துவிடுகிறாள். பத்துக்கு இலக்கணம், பதினொன்றுக்கு அறிவியல், குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்க நேர அட்டவணை, பால் எடுக்கப் போனால் நாடுகளின் தலைநகரங்கள் கண்ணில் குத்துகின்றன. "அண்ணே, பாடம் நான் பாத்துக்கறேன். உன் கையெழுத்து அழகா இருக்கு, கல்வி அலுவலகத்துக்கு அனுப்புற ரெஜிஸ்டரை மட்டும் நீ எழுதிக் குடு" என்றாள். விதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பதிவேட்டில் 'வெளிப்பயணம்' என்று ஒரு பத்தி. வாரத்துக்கு ஒரு கட்டமாக ஐந்து கட்டமும் காலி. மாப்பிள்ளை, முப்பது வருடம் பலகை எழுதியவனுக்கு முன்னால் ஒரு காலிக் கட்டத்தை வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று மற்றவர்களுக்குப் புரியாது. கை நமநமவென்று அரிக்கிறது. முதல் கட்டத்தில் தீயணைப்பு நிலையம் என்று எழுதினேன். அது நன்றாக இருந்ததால் ரொட்டி ஆலை, பிறகு அச்சகம், பிறகு குடிநீர் நிலையம். கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளம். பல சொற்களை அளந்து பார்த்தேன், கலங்கரை விளக்கம்தான் இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு அச்சாக உட்கார்ந்தது. எழுதினேன். அனுப்பியும் விட்டேன்.

பத்தாம் நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கச்சி அதை ஒரு தடவை வாசித்தாள், பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நம்ம ஊருக்குக் கடல் எப்ப வந்துச்சு?"

வெளிப்பயணங்கள் மிகச் சிறப்பு, குறிப்பாகக் கலங்கரை விளக்கம், மூன்று வாரத்தில் நேரில் வந்து பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் பார்வையிடுவோம், அனுமதியைப் புதுப்பிப்பதை அதன் பிறகு முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் அந்த அனுமதி எதற்கென்று உங்களுக்குத் தெரியும். சின்னவன் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்க வாயே திறக்காமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானே, அந்தப் பெஞ்சுக்கு அவன் திரும்பிப் போகக் கூடாது என்பதற்குத்தான். வீட்டில் எங்கள் மூன்று பேரிடமும் பேசுகிறான். வாசலில் தபால்காரர் நின்றாலே உதடு ஒட்டிக்கொள்கிறது. போனில் உங்கள் குரலுக்குக்கூடத் தலையைத்தானே ஆட்டுகிறான். அவனை வைத்துக்கொண்டு நான் இப்படிச் செய்துவிட்டேன் என்று தங்கச்சி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "எழுதினது எழுதினதுதான். இப்ப அழிச்சா வருஷம் பூரா எழுதினது எல்லாமே பொய்ன்னு ஆயிடும். அஞ்சு இடத்துக்கும் போயே ஆகணும். நீதான் கூட்டிட்டுப் போற" என்று பஸ் சீட்டை மேசையில் வைத்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குள் நாங்கள் கால் வைத்த நேரம் மணி அடித்து எல்லோரும் வண்டியோடு போய்விட்டார்கள், ஒரு கொடியில் பன்னிரண்டு காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன, அதை எண்ணிவிட்டுத் திரும்பினோம். மூத்தவள், பதினொரு வயதிலேயே எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பதால் நான் வக்கீலம்மா என்று கூப்பிடுவேனே, அவள் குறிப்பேட்டில் "வண்டி இல்லாத தீயணைப்பு நிலையம் மிகவும் விசாலமானது" என்று எழுதினாள். ரொட்டி ஆலையில் ரொட்டி அடுக்கிய அலமாரிக்குச் சக்கரம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, லேசாகச் சாய்ந்தேன், அது நகர்ந்தது, இருநூறு ரொட்டி தரையில், மேற்பார்வையாளர் "பெரியவரே, நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா, பிள்ளைங்க உங்களைக் கூட்டிட்டு வந்தாங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அச்சகத்தில் என் வெள்ளைச் சட்டை போயிற்று. குடிநீர் நிலையத்தில் காவலாளி உள்ளே விடவில்லை, கம்பி வேலிக்கு வெளியே நின்றபடி தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டோம், மழையும் வந்தது. இதற்கு நடுவில் பாடமும் நிற்கவில்லை, பஸ்ஸில் வாய்ப்பாடு, வரிசையில் இலக்கணம். எனக்கே ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தது கலங்கரை விளக்கம். நான் யோசித்தேன். உயரமாக இருக்க வேண்டும், வட்டமாக இருக்க வேண்டும், உச்சியில் விளக்கு எரிய வேண்டும். சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய தண்ணீர்த் தொட்டியில் மூன்றும் இருக்கிறது, சிவப்பு விளக்குதான் என்றாலும். "இதுல என்னய்யா பாக்கப் போறீங்க?" என்றார் காவல்காரர். "கடல்" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார். நானூறு படி, மாப்பிள்ளை. ஏணியிலிருந்து விழுந்தவன் என்று யாரும் சொல்ல முடியாது, சிங்கம் மாதிரி ஏறினேன். இறங்கும்போது சின்னவன் பயந்துவிடப் போகிறானே என்று நான்தான் அவனைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தேன்.

நேற்றுத்தான் கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலரம்மா வந்தார். ஆறடி உயரம், பின்னால் நான்கு உதவியாளர்கள், பார்வையிலேயே சுவரில் விரிசல் விடும். குறிப்பேடுகளைப் புரட்டினார். காலுறைப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு நேராகச் சின்னவன் பக்கம் திரும்பி, "கலங்கரை விளக்கத்துல எத்தனை படி இருந்துச்சுப்பா?" என்று கேட்டார். நான் சட்டென்று "அவன் பேச மாட்டான் மேடம், நான் சொல்றேன், நானூறு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது கலங்கரை விளக்கம் இல்ல. தண்ணித் தொட்டி. நாப்பத்தோரு படி. மாமா எல்லாத்தையும் முன்னாடியே எழுதிட்டாரு, அப்புறமாத்தான் நாங்க போனோம்."

என் தலையில் இடி விழுந்தது. நான் உட்கார்ந்து பதிவேடு எழுதிய அதே மேசையில், நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, ஓர் அந்நியர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மானம் போனால் அழாமல் என்ன செய்வாள்? அலுவலரம்மா பதிவேட்டை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு, முடிவைத் தபாலில் அனுப்புகிறோம் என்று போய்விட்டார். என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கடைசிப் பெஞ்சைத் துடைத்து வைத்திருப்பார்கள். அவனை அங்கே திருப்பி அனுப்பியவன் தாய்மாமன் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள், அது பொய்யாகவும் இருக்காது. என் பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் அதைத் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீங்கள் நீண்ட ஆயுளோடும், எண்ணெய்க் கசிவில்லாத எஞ்சினோடும் கரை சேர வேண்டும். இந்தப் பாவியை முடிந்தால் மன்னியுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றுக்கும் உதவாத உங்கள் மச்சான்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் நான்கு நாள் கிடந்துவிட்டது. அதற்குள் அலுவலகப் பதில் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு அனுமதி. "பதிவேட்டில் நம்பத்தக்கது குறைவு. சிறுவன் எங்கள் முன் பேசியதே போதுமானது" என்று ஒரு வரி, இனிப் பதிவேட்டை மூத்த மாணவியே எழுத வேண்டும் என்று இன்னொரு வரி. தங்கச்சி அன்று ஏன் அழுதாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி தானாக அவிழ்ந்து கிடக்கிறது, என் சட்டைகளை யாரோ மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

புதுப் பதவி ஏற்ற வக்கீலம்மா, வீட்டிலிருந்து வெளியே போகும் எழுத்து எல்லாம் தன் பார்வைக்கு வர வேண்டும் என்று இந்தக் கடிதத்தையும் வாங்கிச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி இருநூறு இல்லையாம், பதினொன்று. அலுவலரம்மா வக்கீலம்மா உயரம்தானாம், குடையோடு தனியாக வந்து இரண்டு தடவை தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். நான் விழுந்தது மூன்று மாடி உயரத்திலிருந்து அல்ல, ஏணியின் மூன்றாவது படியிலிருந்தாம். சிங்கம் என்ற இடத்தில் கேள்விக்குறி. பையன் பேசிய இடத்தில் மட்டும் சிவப்பு விழவில்லை என்று பெருமையோடு பார்த்தால், கீழே பொடி எழுத்தில், "இது பாதிதான். தம்பி சொன்ன மீதியை மாமா விட்டுவிட்டார்: 'மாமா மேல போனதும் அழுதாரு. நான்தான் ஒவ்வொரு படியா அவரு காலைப் புடிச்சு வெச்சு இறக்கினேன்'" என்று எழுதியிருக்கிறாள்.

அது தூசி, மாப்பிள்ளை. அவ்வளவு உயரத்தில் காற்று அதிகம்.