எலி பிடிக்காத காட்டுயிர் நிபுணர்

காட்டுயிர் நிபுணர் என்றொரு இனம் உண்டு. புலியோடு புரண்டு விளையாடுகிறவர் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது உங்கள் வெகுளித்தனம். இந்த இனத்தில் எத்தனை உட்பிரிவுகள் தெரியுமா? சாணத்தை மட்டும் கிளறுகிறவர், சத்தத்தை மட்டும் கேட்கிறவர், விலங்குக்கு ஊசி போடுகிறவர், விலங்கிடம் பயிரைப் பறிகொடுத்தவரிடம் போய்த் திட்டு வாங்குகிறவர், கேமரா எடுத்த படங்களை அறையில் உட்கார்ந்து பிரிக்கிறவர், காட்டுப் பக்கமே போகாமல் காட்டில் எது எத்தனை என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்கிறவர். எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்றே. எதையும் விரட்டமாட்டார்கள், ஆராய்வார்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நரிகளை ஆராய்வதால் அவருக்கு நரியார் என்றே பெயர். அவர் வீட்டுச் சமையலறையில் ஓர் எலி புகுந்தது. மாவு டப்பாவின் மூடி, கைப்பிடித் துணி, மனைவி ஆசையாக வாங்கிய மரக்கரண்டி எல்லாவற்றையும் பதம் பார்த்தது.

"ஏங்க, வரும்போது ஒரு எலிப்பொறி வாங்கிட்டு வாங்க" என்றார் மனைவி.

நீங்களும் நானும் என்றால் கடைக்குப் போவோம். நரியார் போனை எடுத்தார்.

முதலில் சாண நிபுணர் வந்தார். அடுப்பு மேடையில் கிடந்த புழுக்கைகளை இடுக்கியால் பொறுக்கி, மனைவியின் டீ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்து, "ரொம்ப நல்ல ஜீரணம்" என்று மனமாரப் பாராட்டினார். அடுத்து வந்த சத்த நிபுணர் அடுப்புக்குப் பின்னால் மைக்கைச் செருகினார். அன்றுமுதல் குக்கர் வைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, இருமல் வந்தால் வாசலுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். விலங்கு மருத்துவர், எலி இளைத்திருக்கிறதே என்று கவலைப்பட்டார். கணக்கு நிபுணர் நேரில் வரவில்லை. ஒன்றும் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம் என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினார். யானைக்கும் விவசாயிக்கும் நடுவே சமாதானம் பேசியே பழகிப்போன ஒருவர், மனைவியை உட்காரவைத்தார்.

"உங்க கோபம் புரியுதுங்க. ஆனா எலியோட பக்கத்துல இருந்தும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்."

மனைவி யோசித்துப் பார்த்தார். எலியின் பக்கத்தில் ஒரு கூட்டமே இருந்தது. அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

கடைசியில் அலமாரியின் மேல் ஒரு கேமரா ஏறியது. எது நடமாடினாலும் தானே படம் பிடித்து, அலுவலகத்தில் படம் பிரிக்கும் பெண்ணுக்கு அனுப்பிவிடும். மலையைக் கெல்லி எலி பிடித்த கதை என்பார்கள். இவர்கள் மலையைக் கெல்லியதோடு சரி.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"கொஞ்சம் பொறும்மா. இப்பத்தான் அது நம்மகிட்ட பழக ஆரம்பிச்சிருக்கு" என்றார் நரியார், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு இந்த இடத்தில் அந்த மனிதரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

சில நாள் கழித்துப் படம் பிரிக்கும் பெண் போன் செய்தார்.

"சார், எலி நல்லா இருக்கு. பகல்லயே தைரியமா வெளிய வருது. ஒரே ஒரு சந்தேகம்தான்."

"சொல்லும்மா."

"அந்த இடத்துக்கு ஒரு பெரிய உயிரினம் காலையிலயும் சாயங்காலமும் வந்துட்டிருந்தது. திங்கட்கிழமையில இருந்து ஒரு படத்துலயும் காணோம். மேடம் ஊருக்குப் போயிருக்காங்களா?"

நரியார் படுக்கையறைக்கு ஓடினார். மனைவியின் பெட்டியைக் காணோம், துணிமணிகளைக் காணோம். வீடு இத்தனை நாள் அமைதியாக இருந்ததை, மைக்குக்காக மனைவி ஒத்துழைக்கிறார் என்றெண்ணி மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார், பாவி. மனைவியின் அக்கா வீட்டுக்குப் போன் போட்டார்.

"நான் இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்றார் மனைவி.

"இப்பத்தான்."

"நீங்களா கண்டுபிடிச்சீங்களா?"

நரியார் பொய் சொல்லத் தெரியாதவர்.

"கேமரா" என்றார். போன் வைக்கப்பட்டது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இவ்வளவும் படித்த பிறகு, அந்த அம்மாள் திரும்பி வந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லை எலி என்ன ஆயிற்று என்றா? எலிதான் என்றால், தயவுசெய்து இதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.