நல்லர்பார் சாலையில் ஒரு மூலக் களிம்பு

முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, பட்டப்பகலில், பெட்ரோல் பங்கில், ஆறு பேர் பார்க்க மூலத்துக்குத் தடவும் களிம்பைக் கையில் திணித்தால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது? லாக்லனுக்கு வந்தது.

"படுக்கப் போறப்போ தடவிக்கிட்டுக் குப்புறப் படு தம்பி," என்றாள் அவள். எழுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், காலில் ரப்பர் செருப்பு. "எங்க வீட்டுக்காரருக்கும் கேரவன் இழுக்க ஆரம்பிச்ச புதுசுல இதே தொல்லைதான். இதைப் போட்டா ரெண்டே நாள்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"ஆமாமா, ஒண்ணும் இல்ல," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, அவள் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் தன் பச்சைக் கேரவன் வீட்டை நோக்கி நடந்தாள். பக்கத்தில் டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரன் சிரிப்பை இருமலாக மாற்றப் படாதபாடு பட்டான்.

லாக்லன் வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். உட்கார்ந்த வேகத்தில் வலி உச்சந்தலைக்கு ஏறியது.

"யார்கிட்ட சொன்ன?"

"எதை?" என்றாள் அவன் மனைவி டீகன், பின்னால் திரும்பிப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தபடி.

"என் பின்பக்கத்து விஷயத்தை!"

"பின்பக்கம், பின்பக்கம்," என்று நாலு வயது ஆல்ஃபி பாட ஆரம்பித்தான்.

"நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல, லாக்லன்," என்றாள் டீகன், மிகவும் சாந்தமாக.

இந்த சாந்தம் அவனுக்குப் புதிது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுத்தவள், நாலு நாள் முன்பு செடுனா ஊரைத் தாண்டியதிலிருந்து தேவாலயத்துப் பதுமை மாதிரி ஆகிவிட்டாள். தான் காட்டிய கண்டிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"கேட்டுக்கோ. நம்ம குடும்ப விஷயம் இன்னொரு தடவை வெளியில போச்சு, வண்டிய நேரா வீட்டுக்கு, பல்லாரட்டுக்குத் திருப்பிடுவேன். ஊர் சுத்தினது போதும்."

"அப்போ ஆமை?" என்றாள் மூத்தவள் மேபல். ஏழு வயது. எக்ஸ்மவுத் கடலில் ஆமைகளோடு நீந்துவதற்காகத்தான் அவள் பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் ஒரு வருஷத்துக்கு விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஆமையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

மேபல் அழ, அவளைப் பார்த்து ஆல்ஃபி அழ, நல்லர்பார் சமவெளியில் அவர்கள் பயணம் தொடர்ந்தது.

முதல் வேலையாக டீகனின் கைபேசியைப் பிடுங்கி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான் லாக்லன். பயணப் படங்களை அவள் நாற்பத்தோரு பேருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வழியாகத்தான் ரகசியம் கசிகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. முந்நூறு கிலோமீட்டராக சிக்னலே இல்லை என்பதை அவன் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவன் எதைத்தான் யோசித்தான்?

சாலை வளைவே இல்லாமல் நீண்டு கிடந்தது. எதிரில் கேரவன் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் அங்கே மரியாதை. ஆனால் இந்த நாலு நாளாக வருகிறவன் எல்லாம் வாயைத் தொட்டுக் காட்டினான், காதைத் தொட்டுக் காட்டினான், கையை முறுக்கி முறுக்கி ஏதோ சைகை செய்தான்.

"கிண்டலைப் பாரு," என்று பல்லைக் கடித்து லாக்லனும் ஒரு விரலைத் தூக்கினான். அது மரியாதைக்குத் தூக்குகிற விரல் இல்லை.

"இந்த வயர்லெஸ்ஸும் சரியில்ல. கேரவன்காரங்க வழியில ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கத்தான் இதை மாட்டறான். நமக்கு மட்டும் செடுனாவுலேருந்து கொர்ருனுகூட ஒரு சத்தம் இல்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், லாக்லன்," என்றாள் டீகன்.

அன்று மாலை கேரவன்கள் நிறுத்தும் தங்குமிடத்தில், களிம்பு கொடுத்த அதே பெண்மணி ஒரு பழக் கேக்கோடு வந்து நின்றாள். பெயர் நொரீன். அவள் கணவர் பெயர் லெஸ். அவரும் பின்னால் நின்று தலையாட்டினார்.

"கோவிச்சுக்காத தம்பி. நல்லதுக்குத்தான் குடுத்தேன். பிள்ளைங்களுக்குக் கேக் பிடிக்குமில்ல?"

லாக்லன் வாங்கிக்கொண்டான், தின்றும் பார்த்தான். மறுநாள் வண்டியைக் கிளப்பியதும் முதல் பேச்சே அதுதான்.

"கேக்கா அது? மலைச்சரிவுல வண்டி உருளாம சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்! அந்தக் கிழவருக்குப் பாவம், தெனமும் அதைத் தின்னுதின்னுதான் கால் கொக்குக்கால் மாதிரி ஆயிருக்கு."

"அப்படியா சொல்ற?" என்றாள் டீகன். "எனக்கு நொரீன் கேக் ரொம்பப் பிடிச்சுது."

அன்று மாலை நார்ஸ்மன் ஊரில் கிடைத்த இடம் கொஞ்சம் சரிவு. லாக்லன் கேரவனைக் கழற்றிவிட்டு சக்கரத்துக்கு முட்டுக்கட்டை தேடிக்கொண்டிருந்தான். நொரீன் ஒரு தட்டோடு வந்தாள். ஒரு பேச்சில்லாமல் குனிந்து, கேக்கில் ஒரு பெரிய துண்டை எடுத்து சக்கரத்துக்கு அடியில் செருகினாள்.

"இதுக்கு நல்லா ஆகும்னு கேள்விப்பட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னாலேயே வந்த லெஸ் கால்சட்டையைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். "இது எங்கப்பா கால் தம்பி. கேக்கால வந்ததில்ல."

லாக்லன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கைபேசி பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. டீகன் நாள் முழுக்க அவன் பக்கத்தில்தான் இருந்தாள். அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? பிள்ளைகளைக் கட்டிலில் வரிசையாக உட்கார வைத்து விசாரணையை ஆரம்பித்தான்.

"உண்மையச் சொல்லணும். அடுத்த கேரவன்ல போய் என்ன சொன்னீங்க?"

மேபல் உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா ராத்திரியில டாய்லெட்டுக்கு நடக்க சோம்பல்பட்டு கேரவனுக்குப் பின்னாலயே ஒண்ணுக்குப் போறாருன்னு மட்டும்தான் சொன்னேன்."

"மட்டும்தானா?"

"ஆல்ஃபி அதை நடிச்சுக் காட்டினான்."

அவ்வளவுதான். இனி வண்டியை விட்டு இறங்கக் கூடாது, யாரோடும் விளையாடக் கூடாது, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டான். மறுநாள் எஸ்பெரன்ஸ் வரை இருநூறு கிலோமீட்டரும் அவன் வாய் ஓயவில்லை. பின்னாலேயே வந்த பதினைந்து கேரவன்களுக்கும் தனித்தனியாக அர்ச்சனை நடந்தது.

"ரிட்டயராகி வேலைவெட்டி இல்லாத கூட்டம்! அடுத்தவன் வீட்டுக் குப்பையக் கிளர்றதே பிழைப்பு! எவனுக்காவது ஒழுங்கா வண்டி ஓட்டத் தெரியுதா? என்னை மாதிரி ஒருத்தன் பின்பக்கமா எடுத்து நிறுத்தட்டும் பாப்போம்!"

"பிள்ளைங்க முன்னால வேண்டாமே," என்றாள் டீகன் மெதுவாக. "இந்தா, ஒரு வாய் தண்ணி குடி. உனக்குத் தொண்டை கட்டிடப் போகுது."

எஸ்பெரன்ஸ் தங்குமிடத்தில் அவனுக்கு ஒதுக்கிய இடத்தைச் சுற்றி ஏற்கெனவே மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மணி ஐந்து. கையில் பானத்தோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அரட்டையடிக்கும் வேளை. அன்று வட்டம் அரைவட்டமாகி, மொத்தமும் லாக்லனின் வண்டியைப் பார்த்தபடி இருந்தது.

"எடு தம்பி," என்றார் ஒருவர். "பின்பக்கமா எடுத்து நிறுத்து. நாங்க கத்துக்கறோம்."

லாக்லன் எடுத்தான். இடப்பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திருப்பினான். கேரவன் வேலியைப் பார்க்கப் போயிற்று. முன்னால் வந்து மறுபடி எடுத்தான். குப்பைத்தொட்டி உருண்டது. மூன்றாவது தடவை தண்ணீர்க் குழாய் முறிந்து ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. யாரும் எழுந்து உதவவில்லை. ஒருவர் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டீகன் இறங்கியதும் நாலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கறி வைத்துச் சுட்ட சூடான பேஸ்ட்ரியைக் கையில் கொடுத்தாள், ஒருத்தி வைன் ஊற்றினாள், ஒருத்தி கட்டிக்கொண்டாள். "எப்படிம்மா தாங்கறே?" என்று கேட்டு எல்லோரும் ஒருசேரத் திரும்பி லாக்லனை முறைத்தார்கள்.

தலை முதல் கால்வரை நனைந்து சொட்டச் சொட்ட லாக்லன் அரைவட்டத்தின் நடுவில் போய் நின்றான்.

"போதும்! எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். எங்க வண்டிக்குள்ள நான் பேசறதை உங்களுக்குச் சொல்றது யாரு? இப்பவே சொல்லுங்க. இல்லைன்னா வண்டி நாளைக்கே பல்லாரட்டுக்குத் திரும்புது. என் பொண்ணோட ஆமை போனதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!"

மேபலின் அழுகைச் சத்தம் வண்டிக்குள்ளிருந்து கேட்டது. லெஸ் பெருமூச்சு விட்டு, பானத்தைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வா தம்பி."

ஓட்டுநர் கதவைத் திறந்து இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் கையை விட்டார். அங்கே வயர்லெஸ்ஸின் மைக் இறுக்கமாகச் சிக்கிக் கிடந்தது. முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கிறது என்று செடுனாவில் லாக்லனேதான் அதை அங்கே திணித்திருந்தான். பேசும்போது அழுத்த வேண்டிய பொத்தான் அமுங்கியபடியே இருந்தது.

"இது அமுங்கியிருந்தா நாங்க பேசறது உனக்குக் கேக்காது," என்றார் லெஸ். "நீ பேசறது முன்னால பத்து கிலோமீட்டர், பின்னால பத்து கிலோமீட்டர் எல்லாருக்கும் கேக்கும்."

லாக்லன் கதவைப் பிடித்துக்கொண்டான். களிம்பு, கேக், கொக்குக்கால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து போயின.

"செடுனாவுலேருந்தா?"

"செடுனாவுலேருந்து."

"அப்போ... யாராவது சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினான். "சைகை காட்டினா எனக்குப் புரியுமா? மனுஷனா இருந்தா நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"சொல்லாம என்ன?" என்றாள் நொரீன், டீகனின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் வைன் ஊற்றியபடி. "முதல் நாளே குளியலறை வாசல்ல உன் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். 'ஒன்பது வருஷமா நான் ஒருத்தியே கேட்டேன், கொஞ்ச நாள் எல்லாரும் கேக்கட்டும்'னுட்டா."