பொட்டலம் சாப்பிடாத பதினோரு நாட்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நலத்துக்குக் குறைவில்லை. உன் நலமும் உன் புதிய வேலையின் நலமும் அறிய ஆவல்.

நம் நாய் பொட்டலத்தின் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. இன்று காலை ஒன்பதரைக்குத் தராசைப் பார்த்துக் கால்நடை மருத்துவரே சொன்னது. நீ ஊர் மாறிப் போனதிலிருந்து சாப்பிடாத நாய்க்கு எடை எப்படிக் கூடும் என்று கேட்டேன். அவர் நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை வரை பதினோரு நாளாகப் பொட்டலம் தட்டில் இருப்பதைக் கிளறிவிட்டு எழுந்துபோனது. சாயங்காலமானால் உன் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டது. பத்திரிகை அலுவலகத்தில் சொன்னேன். "அண்ணே, மலைக்குப் போவோம். குளிர்ல நடந்தா பசி தானா வரும்" என்றார் போட்டோகிராபர். பிழைதிருத்துபவரும் தன் இரண்டு நாய்களோடு சேர்ந்துகொண்டார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். புல்லெல்லாம் உறைபனி. ஒரு மணி நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. உச்சிக்கு வலப்பக்கம் என்று பலகை சொன்னது. முப்பத்தைந்து வருடமாக ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி நான் செய்தி கொடுத்ததில்லை, மேலிருந்து யாராவது இறங்கி வந்து உறுதி செய்யட்டும் என்றேன். இருபது நிமிடம் நின்றோம். "இந்தக் குளிர்ல புத்தியுள்ளவன் எவன் ஏறியிருப்பான், இறங்கி வர்றதுக்கு?" என்று போட்டோகிராபர் கத்தினார். "பலகையில எழுத்துப்பிழை இல்லண்ணே, நம்பலாம்" என்றார் பிழைதிருத்துபவர். இந்தச் சண்டைக்கு நடுவில் பொட்டலம் யாரிடமும் சொல்லாமல் இடப்பக்கம் போய்விட்டது. கண்ணெதிரே கையை நீட்டினால் தெரியாத மூடுபனி. ஒன்றேகால் மணி நேரத் தேடலுக்குப் பிறகு நாய்கள்தான் மோப்பம் பிடித்தன. ஒரு பாறையின் பின்னால், நீ விட்டுப்போன நீல மப்ளரோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பொட்டலம். திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. போட்டோகிராபர் தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். அங்கேயே நான்கு ரொட்டி, இரண்டு முட்டை. பதினோரு நாளில் முதல் முறையாக வயிறார. சாப்பிடும்போது அதன் கண்ணில் நீர் வந்தது. குளிரால்தான் என்று ஏகமனதாக முடிவு செய்தோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெளியே போனால் காதை மூடிக்கொள். நல்லதெல்லாம் உன் முகவரி கேட்டு வரட்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பிழைதிருத்துபவர் இதைப் படித்தார். "இத்தனை வருஷத்துல முதல் பொய்ச் செய்திண்ணே. திருத்தம் போட்டுட்டு அனுப்புங்க" என்கிறார். போடுகிறேன். எடை கூடியது மட்டும் நாய். மற்ற இடங்களில் பொட்டலம் என்று வருவதையெல்லாம் அப்பா என்று படிக்கவும். நாய் மூன்று வேளையும் சாப்பிடுகிறது, என் பங்கையும் சேர்த்து. பாறைக்குப் பின்னால் முதலில் ஓடி வந்து என் முகத்தை நக்கியது அதுதான்.

இன்னும் தெரியாதது நீ விடுப்பில் வரும் தேதி. வியாழக்கிழமை தெரியும் என்று போனில் சொன்னாய். வேறு யாரும் உறுதி செய்யவில்லை. நீ சொன்னதே போதும்.